சொப்பிங் பைக்குள் எட்டு மாதம்: வன்னியில் ஒரு சிறுநீர்த் தொற்று

இந்த நிகழ்வு ஆய்வில் வரும் அம்மா ஒரே ஆள் அல்ல. வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையின் மருத்துவ விடுதிக்கு வந்துபோகும் பலருடைய விவரங்களைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காணமுடியாதபடி எழுதியிருக்கிறேன். அபூர்வமான நோய் ஒன்றும் இதில் இல்லை. சலக்கடுப்பில் தொடங்கி இரத்தத்தில் கிருமி ஏறும்வரை போன, இங்கே எந்த விடுதியிலும் காணக்கூடிய கதைதான். ஆனால் அன்டிபயோட்டிக் மருந்துகள் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகின்றன, எப்படிப் பதிவே இல்லாமல் தீர்ந்துபோகின்றன என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

நோயாளி

வயது 54. ஒட்டுசுட்டான் பக்கம், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கணவர் இல்லை. மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். மாரியில் கச்சானும் உழுந்தும், சிறுபோகத்தில் வயலில் புல்லுப் பிடுங்குவது என்று நாட்கூலி வேலை. 9 வருடமாகச் சீனி வருத்தம்; மெட்ஃபோமின் குடிக்கிறார். கிளினிக் கொப்பி ஒழுங்காக இருக்கிறது. கடைசியாக ஓகஸ்டில் பார்த்த கிரியேட்டினின் 78 மைக்ரோமோல், அதாவது சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. வெறும் வயிற்றுச் சீனி மட்டும் 180, 200 என்று அடங்காமல் ஓடியிருக்கிறது.

வந்த நிலை

ஜனவரி இறுதி, கச்சான் பிடுங்கும் நேரம். மூன்று நாளாகக் காய்ச்சல், குலைப்பன், வலது நாரிக்கு மேலே குத்து, இரண்டு நாளாகச் சத்தி. சலம் எரிந்ததை அவராகச் சொல்லவில்லை. கேட்டபோது, “அது எப்பவும் இருக்கிறதுதானே டொக்டர்” என்றார்.

வெப்பநிலை 39.4 பாகை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. இரத்த அழுத்தம் 94/58. மூச்சு நிமிடத்துக்கு 24. விரலில் குத்திப் பார்த்த சீனி 312. வலது பின்விலாவுக்குக் கீழே மெதுவாகத் தட்டியதற்கே துடித்துப்போனார். சிறுநீரகத் தொற்று, அது உடம்பு முழுவதையும் பாதிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதற்குமேல் அறிகுறி தேவையில்லை.

ஆனாலும் மாரிக்காலத்து வன்னியில் காய்ச்சலோடு வருகிற ஒருவரை ஒரே நோயாக நினைத்துக்கொண்டு பார்க்க முடியாது. முன்பெல்லாம் குலைப்பன் என்றால் மலேரியாதான். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இப்போது அந்த இடத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. இன்னொன்று மெலியோய்டோசிஸ். சேற்றிலும் மண்ணிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருவது. சீனி வருத்தம் உள்ள, மண்ணோடு வேலை செய்கிற ஆட்களையே அதிகம் பிடிக்கும். இந்த அம்மாவுக்கு அந்த இரண்டும் பொருந்தின. அதை மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டுதான் வேலை தொடங்கியது.

வெள்ளணுக்கள் 19,400, அதில் நியூட்ரோஃபில் 88 வீதம். குருதிச் சிறுதட்டுகள் குறையவில்லை. டெங்கு பின்னுக்குப் போனது. அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. 186. கிரியேட்டினின் 156, ஓகஸ்டில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. சலத்தில் சீழ்க்கலங்கள் எண்ண முடியாத அளவு. ஸ்கேனில் கல்லோ, அடைப்போ, சீழ்க்கட்டியோ இல்லை.

ஊசி ஏற்றுவதற்கு முன்பே சல கல்ச்சருக்கும் இரத்த கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு மடியும் என்று பார்க்கும் பரிசோதனை) மாதிரி எடுக்கப்பட்டது. இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. எங்களிடம் கல்ச்சர் செய்யும் வசதி இல்லை. மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். வாகனம் போகிற நேரம் தவறினால் மாதிரி அடுத்த நாள்வரை காத்திருக்கும். அதனால் “முதலில் ஊசியைப் போடுவோம், கல்ச்சரைப் பிறகு பார்ப்போம்” என்கிற எண்ணம் எல்லா இடத்திலும் எட்டிப்பார்க்கும். இரத்தக் குப்பிக்கு மாதிரி எடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் செலவழிக்கப்பட்டதால்தான் இந்த நிகழ்வு ஆய்வை எழுத முடிகிறது.

சேலைன், இன்சுலின், செஃப்ட்ரையக்சோன் என்ற அன்டிபயோட்டிக் 2 கிராம் நாளத்தினூடாக. அன்றிரவு இரத்த அழுத்தம் ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை.

பை

வெளிநோயாளர் பிரிவிலும் விடுதியிலும் ஒரே கேள்வி கேட்கப்பட்டிருந்தது: வேறு மருந்து ஏதும் எடுத்தனீங்களோ? இரண்டு இடத்திலும் ஒரே பதில்: “பனடோல்தான் போட்டனான். வேற ஒண்டும் எடுக்கேல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. இந்தக் காய்ச்சலுக்கு என்ன எடுத்தீர்கள் என்று கேட்பதாக விளங்கிக்கொண்டார். இரண்டாம் நாள் பின்னேரம் மகள் சாப்பாட்டோடு வந்தபோது, விடுதித் தாதி வேறு விதமாகக் கேட்டார்: “மூண்டு நாலு மாசத்துக்குள்ள, எந்த வருத்தத்துக்கெண்டாலும் பரவாயில்லை, கடையிலயோ வீட்டிலயோ ஆரிட்டயாவது வாங்கியோ அம்மா குளிசை குடிச்சவவோ?”

மகள் கொஞ்சம் யோசித்தார். “குடிச்சவதான் மிஸ். மிச்சம் வீட்டில கிடக்கு.” அம்மா இடைமறித்தார்: “அது சலக்கடுப்புக்கு எடுத்தது பிள்ளை. காய்ச்சலுக்கில்லை.”

மருமகன் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு சொப்பிங் பையை எடுத்து வந்தார். கத்தரிக்கோலால் வெட்டிய குளிசை அட்டைத் துண்டுகள், தனியார் கிளினிக் ஒன்றின் வெள்ளை உறைகள், வைத்தியசாலை உறைகள். உறைகளில் காலை, மதியம், இரவு என்று கோடு கிழித்திருந்தது. பலவற்றில் மருந்தின் பெயர் இல்லை. அட்டைத் துண்டுகளிலும் பெயர் வருகிற பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. நிறத்தையும் பொறிப்பையும் வைத்து எங்கள் மருந்தாளர் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். மகளின் ஞாபகத்தோடு பொருத்திப் பார்த்ததில் எட்டு மாதக் கணக்கு ஓரளவு பிடிபட்டது.

மே மாதம் சலக்கடுப்பு. மருந்துக்கடையில் சிப்ரோஃபுளொக்சசின் நாலு குளிசை. இரண்டு நாளில் சுகம்.

ஓகஸ்டில் கிளினிக்குக்காகச் செய்த சலப் பரிசோதனையில் சீழ்க்கலம் 10 முதல் 15. எரிவு இல்லை, காய்ச்சல் இல்லை. அந்த றிப்போட்டைக் கொண்டுபோய் பின்னேரத் தனியார் கிளினிக் ஒன்றில் காட்ட, செஃபிக்சிம் 5 நாளுக்கு. மூன்று நாள் குடித்தார். தலைசுற்று வந்ததால் நிறுத்தினார். நாலு குளிசை மிச்சம்.

செப்டெம்பரில் மறுபடி சலக்கடுப்பு. அந்த நாலும் முடிந்தது.

நவம்பர் மழைக்கு வீட்டில் எல்லோருக்கும் தடிமன், இருமல். அசித்ரோமைசின் மூன்று நாள்.

டிசெம்பரில் இன்னொரு சலக்கடுப்பு. மருமகனுக்குப் பல்லுப் பிடுங்கியபோது கொடுத்த கோ-அமொக்சிகிளாவில் மிஞ்சியிருந்த ஆறு குளிசை.

ஜனவரியில் இந்தக் காய்ச்சலின் முதல் நாள், “பழைய பச்சைக் குளிசை” இரண்டு. பழைய சிப்ரோதான். எப்போது வாங்கியது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

ஊரில் அன்டிபயோட்டிக் என்றால் கோழிக்கு மருந்து வைக்கிற பழக்கத்தையும் கேட்க வேண்டும் என்பதால் கேட்டோம். ஐந்தாறு ஊர்க்கோழி, மருந்து ஒன்றும் போடுவதில்லை. அந்தப் பக்கம் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை.

கிளினிக் கொப்பியில் இதில் ஒன்றுகூட இல்லை. அரச வைத்தியசாலையின் பார்வையில், இந்த அம்மா எட்டு மாதமாக அன்டிபயோட்டிக் தொடாத ஆள்.

ஆய்வுகூடம் சொன்னது

பையைப் பார்த்த கையோடு மாவட்டப் பொது வைத்தியசாலையின் நுண்ணுயிரியல் வைத்திய நிபுணரைத் தொலைபேசியில் பிடித்தோம். இரத்தக் குப்பியில் வளர்ச்சி காட்டுகிறது, கிராம் நெகட்டிவ் கோல் வடிவக் கிருமி என்ற முதல் தகவலை அவர் தந்தார். சேற்றில் வேலை செய்கிறவரா என்று அவரும் கேட்டார். செஃப்ட்ரையக்சோனை நிறுத்தி, மெரோபெனம் என்ற இன்னும் வலுவான அன்டிபயோட்டிக் ஊசியைத் தொடங்கச் சொன்னார். மெலியோய்டோசிஸாக இருந்தாலும் மெரோபெனம் அதற்கும் பொருந்தும். செஃப்ட்ரையக்சோன் அதற்கு நம்பக்கூடிய மருந்து அல்ல.

நான்காம் நாள் முழு முடிவு வந்தது. இரத்தத்திலும் சலத்திலும் ஒரே கிருமி, ஈ. கோலை. ஈ.எஸ்.பி.எல். வகை, அதாவது பல அன்டிபயோட்டிக்குகளை உடைக்கும் நொதியத்தைச் செய்வது. அம்பிசிலின், கோ-அமொக்சிகிளாவ், செஃபுரொக்சிம், செஃபோடாக்சிம், செஃப்ட்ரையக்சோன், சிப்ரோஃபுளொக்சசின், கோ-ட்ரைமொக்சசோல், ஜென்டாமைசின் எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு. அமிக்காசின், நைட்ரோபியூரன்டொயின், மெரோபெனம் மூன்றுக்கும் மட்டும் மடியும்.

அன்று காலையே காய்ச்சல் விட்டிருந்தது.

மூன்று மருந்து கேட்கும் என்று எழுதியிருக்க, ஏன் ஊசியே வேண்டும், நைட்ரோபியூரன்டொயின் குளிசையாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமே என்று மருமகன் கேட்டார். நல்ல கேள்வி. நைட்ரோபியூரன்டொயின் சலத்தில்தான் செறிவாகச் சேரும். சிறுநீரகத் திசுக்குள்ளும் இரத்தத்திலும் போதிய அளவு நிற்காது. சலப்பையோடு நிற்கிற தொற்றுக்கு அருமையான மருந்து. காய்ச்சலோடு மேலே ஏறிவிட்ட தொற்றுக்கு உதவாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சலத்தில்கூடச் சரியாகச் சேராது. அமிக்காசின் சிறுநீரகத்தையே தாக்கக்கூடியது. கிரியேட்டினின் இரண்டு மடங்காகியிருக்கும்போது அதைத் தொட யாரும் விரும்பமாட்டார்கள். பைபெரசிலின்-டாசோபக்டம் எங்கள் அலுமாரியில் இருந்தது. ஆனால் இப்படி இரத்தத்தில் ஏறிய, செஃப்ட்ரையக்சோன் கேட்காத ஈ. கோலை, கிளெப்சியெல்லா தொற்றுகளில் அதையும் மெரோபெனத்தையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான மெரினோ ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் அதில் 12.3 வீதம், மெரோபெனத்தில் 3.7 வீதம். அந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் தெரிவு கடினமில்லை.

ஆகவே மிச்சமிருந்தது மெரோபெனம். அதையும் மடக்குகிற கார்பபெனமேஸ் நொதியங்கள் உலகில் பரவிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு மெரோபெனக் குப்பிக்கும் யோசித்துத்தான் கையெழுத்திட வேண்டியிருக்கிறது.

குடித்தது சிப்ரோ, தோற்றது செஃப்ட்ரையக்சோன்

விடுதியில் இளைய வைத்தியர் ஒருவர் கேட்டது இது. அந்த அம்மாவுக்கு வாழ்க்கையில் செஃப்ட்ரையக்சோன் போட்டதே இல்லை. செஃபிக்சிம் குடித்திருக்கிறார், அது அதே குடும்பம், சரி. ஆனால் கோ-ட்ரைமொக்சசோலும் ஜென்டாமைசினும் ஏன் தோற்றன? அவற்றை அவர் தொட்டதே இல்லையே?

நம் எல்லோருடைய குடலிலும் ஈ. கோலை இருக்கிறது, கணக்கில்லாமல். பெரும்பாலும் சாதுவானவை. அவற்றுக்குள் சில, மருந்தை உடைக்கும் நொதியத்தைச் செய்யக்கூடியவையாக இருக்கலாம். ஈ.எஸ்.பி.எல். என்பது அப்படியான ஒரு நொதியம். 1983-இல் ஜெர்மனியில் முதலில் விவரிக்கப்பட்டது. பென்சிலின் வகைகளையும் செஃபோடாக்சிம், செஃப்ட்ரையக்சோன் போன்றவற்றையும் அது வெட்டிப்போடும். அதைச் செய்யும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற சிறு வட்ட டி.என்.ஏ.யில் இருக்கும். ஒரு பக்டீரியா இன்னொன்றுக்கு அந்த வட்டத்தைப் பிரதி எடுத்துக் கொடுக்கும். அந்த ஒரே வட்டத்திலேயே கோ-ட்ரைமொக்சசோலுக்கும் ஜென்டாமைசினுக்கும் எதிரான மரபணுக்கள் கூடவே ஏறியிருப்பது வழமை. சிப்ரோவுக்கு எதிர்ப்பும் இதே கிருமிகளிடம் சேர்ந்தே காணப்படும்.

இப்போது சிப்ரோ நாலு குளிசை குடலுக்குள் போகிறது. அது எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. சாதுவானவற்றைக் கொன்று, சிப்ரோவுக்கு மடியாதவற்றுக்கு இடத்தை விடுகிறது. பெருகுகிறவை சிப்ரோவுக்கு மட்டுமல்ல, தம்மிடம் உள்ள மற்ற எல்லா எதிர்ப்புகளோடும் பெருகுகின்றன. பிறகு செஃபிக்சிம், பிறகு அசித்ரோமைசின், பிறகு கோ-அமொக்சிகிளாவ். ஒவ்வொரு முறையும் அதே கூட்டத்துக்கே வசதி. குடலிலிருந்து சலவாசலுக்கு ஒரு பெண்ணின் உடலில் தூரம் மிகக் குறைவு.

மருமகனுக்கு இதை விளங்கப்படுத்துவது எங்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. “ஒவ்வொரு போகமும் ஒரே களைநாசினிய அடிச்சால் கடைசியில அதுக்குச் சாகாத புல்லு மட்டும்தானே மிஞ்சும்” என்று அவரே சொல்லி முடித்தார்.

கல்ச்சரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வைத்தியசாலைக்கு வரமுதல் சிப்ரோ குடித்திருந்தும் இரத்தத்தில் கிருமி வளர்ந்தது, காரணம் இந்தக் கிருமிக்குச் சிப்ரோ பொருட்டே இல்லை. மருந்துக்கு மடியக்கூடிய கிருமியாக இருந்து, வீட்டில் இரண்டு குளிசை உள்ளே போயிருந்தால், கல்ச்சர் ஒன்றும் காட்டாமல் போயிருக்கும். நோய் மட்டும் உள்ளே இருந்திருக்கும். காய்ச்சல் தொடங்கியவுடன் வீட்டில் இருந்த குளிசையைப் போட்டுவிட்டு வருகிறவர்களில் என்ன கிருமி என்று தெரியாமலே பல நாள் ஊசி போடவேண்டி வருவது இதனால்தான்.

எத்தனை நாள் போடுவது

மெரோபெனம் தொடங்கிய நாளிலிருந்து 7 நாள். அதோடு நிறுத்தினோம். குடும்பத்துக்கு அதிருப்தி. இவ்வளவு பெரிய வருத்தத்துக்குப் பதினாலு நாளாவது போடவேண்டாமா?

“தந்த மருந்தை முழுசாக முடியுங்கள்” என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர்கள் நாம்தான். அதனால் நீண்ட காலம் எடுத்தால் கூடுதல் பாதுகாப்பு என்ற எண்ணம் சனத்திடமும் வைத்தியர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. இரத்தத்தில் கிருமி ஏறியவர்களில் 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்ட பலன்ஸ் ஆய்வு 2024-இல் வெளியானது. 7 நாடுகளில் 3,608 பேர். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 வீதம், 14 நாள் பிரிவில் 16.1 வீதம். கூடுதலாகப் போட்ட ஏழு நாளால் லாபம் இல்லை. தேவைக்கு மேல் போடுகிற ஒவ்வொரு நாளும் குடலில் அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு நாள்.

அதற்காக எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே அம்மாவின் இரத்தக் குப்பியில் மெலியோய்டோசிஸ் கிருமி வளர்ந்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் ஊசி, அதன்பிறகு மூன்று மாதம் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை. இடையில் விட்டால் வருத்தம் திரும்பி வரும். காசநோய்க்கு ஆறு மாதம். சலப்பையோடு நிற்கிற சாதாரண தொற்றுக்கு நைட்ரோபியூரன்டொயின் ஐந்து நாள் போதும். கிருமி எது, இருக்கும் இடம் எது என்பதைப் பார்த்தே நாள் முடிவாகிறது. சுகம் வந்ததும் நிறுத்துவதும் பிழை, பயத்தில் நீட்டுவதும் பிழை. நாளை முடிவுசெய்கிற பொறுப்பை எழுதிக் கொடுப்பவர் எடுக்க வேண்டும். அந்த நாளுக்கு மேல் ஒரு குளிசைகூட வீட்டில் மிஞ்சாதபடி கொடுக்க வேண்டும். செஃபிக்சிம் நாலு மிஞ்சியதிலிருந்துதான் செப்டெம்பர் வந்தது.

அந்த ஐந்து முறையில் எத்தனை தேவைப்பட்டது

ஜனவரிக் காய்ச்சலை விட்டுவிட்டு, பைக்குள் இருந்த ஐந்து முறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நவம்பர்த் தடிமனுக்கு அன்டிபயோட்டிக் தேவையே இல்லை, அது வைரஸ். அசித்ரோமைசின் குடிக்காமல் இருந்திருந்தாலும் அதே நாளில் சுகம் வந்திருக்கும்.

ஓகஸ்ட் றிப்போட்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அங்கே மருந்து எழுதியது படித்த கை. சீனி வருத்தம் உள்ள பெண்களில், எந்தக் குணங்குறியும் இல்லாமலே சலத்தில் கிருமி இருப்பது மிகச் சாதாரணம். அதற்கு மருந்து கொடுத்தால் நல்லதா என்று 2002-இல் கனடாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. 105 பெண்கள், எல்லோருக்கும் சீனி. மருந்து கொடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் குளிசை கொடுத்தவர்களுக்கும் பிறகு வந்த சலக்கடுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மருந்துக் கணக்கில் இருந்தது: சிகிச்சைப் பிரிவினர் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு நாட்கள் அன்டிபயோட்டிக் எடுத்திருந்தனர். கர்ப்பிணிகளும், சலவழியில் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களும் வேறு. அவர்களுக்குச் சிகிச்சை தேவை. மற்றவர்களிடம் றிப்போட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது, ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும். எரிவு உண்டா, அடிக்கடி போகிறதா, காய்ச்சலா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

மே, செப்டெம்பர், டிசெம்பர் மூன்றும் உண்மையான சலக்கடுப்பு. மருந்து தேவைப்பட்டது, சரியான மருந்து. மூன்றில் ஒன்றுக்குக்கூட கல்ச்சர் இல்லை. முதலாவதுக்கு இல்லாவிட்டாலும் இரண்டாவது முறை வந்தபோது செய்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அன்டிபயோட்டிக்குகளை மூன்று வகையாகப் பிரித்தது. தாராளமாக முதலில் பயன்படுத்தக் கூடியவை, கவனத்தோடு பயன்படுத்த வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டியவை. உலகில் மனிதர்கள் எடுக்கும் அன்டிபயோட்டிக்கில் 70 வீதமாவது முதல் வகையாக இருக்கவேண்டும், 2030-க்குள், என்று ஐ.நா. பொதுச்சபையில் 2024 செப்டெம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்த அம்மாவின் பையில் சிப்ரோ, செஃபிக்சிம், அசித்ரோமைசின் மூன்றும் இரண்டாம் வகை. முதல் வகையில் கோ-அமொக்சிகிளாவ் மட்டும், அதுவும் மருமகனின் பல்லுக்கு எழுதியது.

இங்கே கடைக்காரரை மட்டும் பிடித்து ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2015-இன் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்பது குற்றம்தான். ஆனால் வெளிநோயாளர் பிரிவுக்கு வர இந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸைத் தவறவிட்டால் நாளே போகும். சலம் எரிகிறது என்று வரிசையில் எல்லோருக்கும் முன்னால் சொல்லவும் வேண்டும். கடையில் நாலு குளிசைக்கு அதைவிடக் குறைந்த காசு, கேள்வியும் குறைவு. 2022 நெருக்கடியின்போது “உள்ளே இல்லை, வெளியில வாங்குங்கோ” என்று வைத்தியசாலைகளே சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிய காலத்தில் கடைக்குப் போகும் பாதை இன்னும் பழகிப்போனது. நாலு குளிசை கேட்டு வருகிறவரை, “அம்மா, காய்ச்சலும் இருக்கோ? சீனி இருக்கோ? அப்பிடியெண்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ” என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் இழக்கிற வியாபாரத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

வீட்டுக்குப் போனபின்

கிரியேட்டினின் 92-க்கு இறங்கியதும் வீட்டுக்கு விட்டோம். வீட்டுக்கு மருந்து எழுதியது சீனிக்கு மட்டும்.

ஆனால் சலக்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதை விட்டுவிட்டால் அடுத்த பை நிரம்பத் தொடங்கிவிடும். கச்சான் தோட்டத்தில் மலசலகூடம் இல்லை. ஆம்பிளைகளும் நிற்கிற இடம். அதனால் காலை ஏழு மணிக்குப் போகிறவர் பின்னேரம் வீடு வரும்வரை சலத்தை அடக்கிக்கொள்கிறார். அடக்க வேண்டியதாலேயே தண்ணீர் குடிப்பதில்லை. சீனியும் அடங்கவில்லை. இந்த மூன்றும் இருக்கிற ஒருவருக்கு எந்த அன்டிபயோட்டிக்காலும் நிரந்தரச் சுகம் கிடைக்காது. கூடுதலாகத் தண்ணீர் குடிப்பது சும்மா சொல்லும் புத்தி அல்ல: அடிக்கடி சலக்கடுப்பு வரும் 140 பெண்களிடம் ஒரு வருடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் மேலதிகமாக ஒன்றரை லீற்றர் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை, குடிக்காதவர்களுக்கு 3.2 தடவை வந்தது. அவர்கள் இளைய வயதுப் பெண்கள். இந்த அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. அந்த வயதில் யோனியில் பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் தொற்றைக் குறைக்கும் என்பதால், பெண்நோயியல் கிளினிக்குக்கும் கடிதம் கொடுத்தோம். நெருஞ்சியும் பார்லியும் அவித்துக் குடிக்கலாமா என்று மகள் கேட்டார். தண்ணீராக உள்ளே போகும்தானே, குடிக்கட்டும் என்றோம். பார்லியில் சீனி போடவேண்டாம் என்று மட்டும் சொன்னோம். தோட்டக்காரரிடம் மறைப்புக் கட்டித் தரச் சொல்லி மகள் கேட்டிருக்கிறார். கிடுகும் தகரமும் வைத்து ஒன்று வந்ததாகப் பிறகு அறிந்தோம்.

கிளினிக் கொப்பியின் முன் அட்டைக்கு உள்ளே தாதி ஒரு தாளை ஒட்டினார். நாலே நிரல்: தேதி, மருந்தின் பெயர், எத்தனை நாள், எதற்கு. முதல் வரியில் “ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை, இரத்தம், சலம்” என்று சிவப்பு மையில் எழுதினார். எங்கே மருந்து எடுத்தாலும், கடையிலோ தனியாரிடமோ, அதில் எழுதுவிக்கச் சொன்னோம். பெயர் தெரியாவிட்டால் அட்டையை வெட்டாமல் முழுதாகக் கேட்டு வாங்கி அதற்குள் வைக்கச் சொன்னோம். இந்தக் கிருமி குடலில் பல மாதம், சிலரிடம் ஒரு வருடத்துக்கும் மேல் தங்கியிருக்கும். அடுத்த முறை நள்ளிரவில் வேறொரு வைத்தியசாலையில் இவரைப் பார்க்கும் வைத்தியருக்கு அந்தச் சிவப்பு வரி ஒன்றரை நாளை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

ஏப்ரலில் கிளினிக்குக்காகச் செய்த சலப் பரிசோதனையில் சீழ்க்கலம் 15 முதல் 20. எரிவு இல்லை, காய்ச்சல் இல்லை. மருந்து எழுதவில்லை. “கிருமி இருக்கெண்டு போட்டிருக்கு, ஒண்டும் தரமாட்டியளோ?” என்று அம்மாவுக்கு யோசனைதான். எரிந்தால் அன்றைக்கே வாங்கோ என்று சொல்லி அனுப்பினோம்.

ஜூலையில் எரிவோடு வந்தார், காய்ச்சல் இல்லை, நாரியில் நோவும் இல்லை. வரமுதல் குளிசை குடித்தாரா என்று கேட்டபோது, கொப்பியைத் திறந்து வெறும் நிரலைக் காட்டினார். கல்ச்சருக்கு மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, சிறுநீரகம் இடம் கொடுத்ததால் நைட்ரோபியூரன்டொயின் 50 மில்லிகிராம் நாளுக்கு நான்கு முறை, 5 நாள், எண்ணி இருபது குளிசை. முடிவு வந்தபோது அதே ஈ.எஸ்.பி.எல். கிருமிதான், நைட்ரோபியூரன்டொயினுக்கு இன்னும் மடிகிறது. விடுதியில் படுக்கத் தேவை வரவில்லை.